கவிழ்த்து வைத்த தொட்டி

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. பஜார் தெரு முனை. தரை முழுக்கச் சிவப்பும் சாம்பலுமாகக் கல் பதித்திருந்தார்கள். இரண்டு பக்கமும் கறுப்பு விளக்குக் கம்பங்கள், எல்லாக் கடைக்கும் ஒரே நிறத்தில் பெயர்ப் பலகை. முன்னால் நீளமாக ஒரு கல்தொட்டி, அதில் குரோட்டன்ஸ் செடி. நீங்கள் எல்லோரும் இதயம் போட்டீர்கள். நம்ம ஆரணியா இது என்று ஒருத்தி கேட்டாள். தொட்டி ரொம்ப அழகு என்று இன்னொருத்தி எழுதினாள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. இவளுக்கு என்ன கொழுப்பு என்று நினைத்திருப்பீர்கள். கொழுப்பெல்லாம் இல்லை. அந்தத் தொட்டியைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

முட்டிவலி, சர்க்கரை, பேரப்பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் என்று தினமும்தான் பேசுகிறோம். இன்றைக்கு ஒரு நாள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன். பாதியில் நிறுத்திவிட்டுக் கும்பிடு படம் போடுகிறவளை நான் சும்மா விட மாட்டேன்.

ஒரு மாதத்துக்கு முன்னால் வணிகர் சங்கத் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். தலைவர் என்றால் முப்பத்தைந்து வயசுப் பிள்ளைதான், நமக்குத் தெரிந்த பாத்திரக் கடைக்காரரின் பேரன். கையில் பழத்தட்டு. பஜார் தெரு படுத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பது உங்களுக்கே தெரியும். ஊருக்கு வெளியே பெரிய பெரிய ஜவுளிக் கடைகள் வந்தன. பாதிப் பேர் செல்போனிலேயே புடவை எடுத்தார்கள். நம் தெருவில் சாயங்காலம் ஆறு மணிக்கே ஷட்டர் இறங்கியது. இப்போது நகராட்சியும் சங்கமும் சேர்ந்து தெருவைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தன்று திறப்பு, அன்று காலை முதல் போணி நான்தான் பண்ண வேண்டும் என்றார்.

“எங்க தாத்தா சாவுற வரைக்கும் சொல்லிகினே இருந்தாருங்க ஆன்ட்டி. அந்தக் காலத்துல படுத்துப்போன தெருவ எழுப்பனது உங்க கைதான்னு.”

பழத்தட்டை வாங்கி வைத்தேன். பார்க்கலாம் என்றேன்.

நாம் ஆறாவது படித்த வருஷம் அது. அதுவரை பஸ்கள் எல்லாம் பஜார் தெரு முனையில், புளியமரத்தடியில்தான் நின்றன. செய்யாரிலிருந்தும் சேத்துப்பட்டிலிருந்தும் கலசப்பாக்கத்திலிருந்தும் கல்யாணச் சீலை எடுக்க வருகிற கூட்டம் பஸ்ஸை விட்டு இறங்கினால், அடுத்த கால் எங்கள் பட்டுக் கடைப் படியில்தான் வைக்கும். கடையில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. அதில் நான் ஏறினால் அப்பா தொடையில் கிள்ளுவார். புதுப் பட்டின் கஞ்சி வாசனை, அந்துருண்டை வாசனை, எதிர்ப் பாத்திரக் கடையில் புளி போட்டுத் துலக்கிய பித்தளை வாசனை. இவ்வளவும் தாண்டி, தெரு முனையிலிருந்து ஈரப் புல்லும் குதிரைச் சாணமும் கலந்து ஒரு வாசனை வரும்.

அது வண்டிக்காரரின் ஜட்கா நின்ற இடம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஞாபகம் இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன். மழை நாளில் நம்மில் எட்டுப் பேரை ஒரே வண்டியில் அடைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது அவர்தான். வண்டி பின்பக்கம் சாய்ந்துவிடும் என்று “முன்ன வாங்க, முன்ன வாங்க” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நாம் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரிப்போம். குதிரையின் பெயர் செல்லி. செம்பழுப்பு நிறம், ஒரு காதின் நுனி மடங்கியிருக்கும். அதற்குத்தான் அந்தக் கல்தொட்டி. காலையில் குழாயிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து நிரப்பி வைப்பார். செல்லி தண்ணீர் குடிக்கிறபோது சத்தமே வராது. உதட்டைத் தண்ணீரில் பதித்துக்கொண்டு அசையாமல் நிற்கும், தொண்டையில் மட்டும் உருண்டை உருண்டையாக ஏறிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று தெரிந்தும் நான் நின்று பார்ப்பேன்.

அந்த மார்கழியில் பஸ் நிலையத்தை ஊர்க் கோடிக்கு மாற்றினார்கள். நடந்தால் அரை மணி நேரம். இறங்குகிற ஜனம் அங்கேயே புதிதாக முளைத்த கடைகளில் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது. தை பிறந்தும் எங்கள் தெருவில் ஆள் இல்லை. முகூர்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அப்பா விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா வீட்டில் எதற்கெடுத்தாலும் என்னையே திட்டினாள்.

ஒரு நாள் காலையில் கடைக்காரர்கள் எல்லோரும் எங்கள் கடை மெத்தையில் கூடினார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாள், நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். பஸ் நிலையம் போனதால்தான் வியாபாரம் போனது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை அவர்களால் ஒன்றும் பண்ண முடியாது. பண்ண முடிந்த ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்று இப்போது புரிகிறது. ஒருத்தர் திருஷ்டி என்றார், பூசணிக்காய் உடைக்கலாம் என்றார். அப்போதுதான் பாத்திரக் கடைக்காரர் அதைச் சொன்னார்.

“நல்ல காரியத்துக்குச் சீலை எடுக்க வர்றாங்க. காலங்காத்தால தெரு முனையிலயே ஒருத்தன் நின்னுகினு எங்க போவணும், எங்க போவணும்னு கேட்டுகினு இருந்தா தெரு எப்படி வெளங்கும்?”

யாரும் சிரிக்கவில்லை. நீங்களும் சிரிக்க மாட்டீர்கள். வெளியே கிளம்புகிறவர்களை எங்கே என்று கேட்டுவிட்டு வீட்டில் அடி வாங்காதவள் நம்மில் யார்? கேட்டுவிட்டால் கிளம்பினவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். அப்பா அதற்காகவே இரண்டு பஸ்ஸை விட்டிருக்கிறார். இத்தனை வருஷம் அந்த மனிதர் அதே முனையில் நின்று அதையேதான் கேட்டார், அப்போதெல்லாம் தெரு நன்றாகத்தானே விளங்கியது என்று ஒருத்தர்கூட யோசிக்கவில்லை.

உடனே கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் துண்டைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு படிக்குக் கீழே நின்றார். அப்பாதான் சொன்னார், இனிமேல் தெரு முனையில் வண்டி நிற்கக் கூடாது, தெருவுக்குள்ளும் வரக் கூடாது என்று. கோபமாகச் சொல்லவில்லை, தணிந்த குரலில்தான் சொன்னார்.

“எங்க போவணும்னு கேக்காம எப்படி மொதலாளி வண்டில ஏத்தறது?” என்று கேட்டார் வண்டிக்காரர்.

“அது உன் பாடுப்பா.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு போய் வண்டியைப் பூட்டினார். அவர் திரும்பி வராமல் இருக்க வேண்டும் என்று நான்கு ஆள் விட்டுத் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டார்கள். அதில் இருந்த தண்ணீர் தெருவில் ஓடி எங்கள் படி வரைக்கும் வந்தது.

பத்து நாள் கழித்து, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் பாத்திரக் கடையில் ஒரு டிபன் டப்பா வாங்கினேன். அன்றைக்குக் கடைக்காரருக்கு அதுதான் முதல் போணி. மத்தியானம் கலசப்பாக்கத்துக் கல்யாண வீடு ஒன்று வந்து சீர்ப் பாத்திரம் மொத்தமும் அவர் கடையில் எடுத்தது, புடவைகளை எங்கள் கடையில் எடுத்தது. மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு கரண்டி வாங்கச் சொன்னார். அன்றைக்கும் ஒரு கூட்டம் வந்தது. அவ்வளவுதான், நான் கைராசிக்காரி ஆகிவிட்டேன்.

அதற்கப்புறம் தினமும் காலையில் எட்டு மணிக்குத் தலை பின்னி, பொட்டு வைத்து, கடை கடையாகப் போனேன். ஒரு கடையில் ரிப்பன், ஒரு கடையில் கற்பூரம், ஒரு கடையில் நூல்கண்டு. நான் கொடுக்கிற காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போடுவார்கள். பெரிய பெரிய ஆம்பிளைகள் எனக்காகக் கடை திறந்து காத்திருந்தார்கள். அப்பா அதுவரை என் தலையில் கை வைத்ததே இல்லை. அந்த மாசியில் ஒரு நாள் வைத்தார். நான் ஏன் திடீரென்று வகுப்பில் யாரோடும் பேசாமல் ராங்கியாகத் திரிந்தேன் என்று நீங்கள் அப்போது கேட்டீர்கள், காரணம் இதுதான்.

தெரு நிஜமாகவே எழுந்தது. தினமும் ஐந்தாறு கூட்டம் வந்தது. கூட்டம் என்றால் ஒரு முழுக் கல்யாண வீடு. அந்தக் காலத்தில் ஒரு தெருவுக்கு அது தாராளம். எப்படி வந்தீர்கள் என்று அப்பா ஒருத்தரையும் கேட்கவில்லை. ராசி என்று முடிவு பண்ணிய பிறகு கேட்க என்ன இருக்கிறது?

பங்குனியில் ஒரு நாள் வரைபடத் தாள் வாங்கப் புதுப் பஸ் நிலையம் பக்கம் போனேன். அங்கேதான் பார்த்தேன். சேத்துப்பட்டு பஸ் வந்து நின்றது. மஞ்சள் பையும் தாம்பூலத் தட்டுமாக ஒரு குடும்பம் இறங்கியது. வண்டிக்காரர் அவர்கள் எதிரே போய் நின்றார். எங்கே என்று கேட்கவில்லை. “வாங்க, வாங்க. கல்யாணச் சீலதானே. பஜார்தானே. ஏறுங்க, முன்ன வாங்க” என்றார். இந்தக் கடைகள் எல்லாம் நேற்று முளைத்தவை, பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கிப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே பெரியம்மா ஒருத்தியைக் கை கொடுத்து ஏற்றினார். அவர் ஒன்றும் தர்மத்துக்குச் செய்யவில்லை. பக்கத்தில் இருக்கிற கடைக்குப் போக யார் வண்டி ஏறுவார்கள்? பஜாருக்குப் போனால்தான் அவருக்குச் சவாரிக் கூலி. ஆனால் என் தெருவுக்கு ஜனத்தைக் கொண்டுவந்து இறக்கியது அந்த வண்டிதான், என் கை இல்லை. அது அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவரும் என்னைப் பார்த்துவிட்டார். ஏறிக்கொள் என்றார். தெரு முனைக்குப் பத்தடி முன்னாலேயே வண்டியை நிறுத்தி அவர்களை இறக்கிவிட்டார். அதைத் தாண்டி அவர் வருவதில்லை. அவர்கள் உள்ளே போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் சொன்னார்.

“பாப்பா, அப்பா கிட்ட ஒரு வார்த்த சொல்றியா? நான் கேக்கறத உட்டுட்டேன். ரெண்டு மாசமா ஒருத்தரையும் எங்கன்னு கேக்கல. எனக்கு முனையில எடம் கூட வாணாம். தொட்டிய மட்டும் நிமித்தி வெக்கச் சொல்லு. அந்தாண்ட நெழலும் இல்ல, தண்ணியும் இல்ல. சித்திரை வெயிலுக்கு செல்லி தாங்காது.”

சொல்றேன் என்றேன். அவர் என் கையில் ஒரு பிடி புல்லைக் கொடுத்தார். செல்லி அதை என் உள்ளங்கையிலிருந்து தின்றது. உதடு ஈரமாக, சூடாக இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் தையற்காரர் வந்து எனக்குப் பட்டுப் பாவாடைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். மாம்பழ நிறம், அரக்குக் கரை. கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து எனக்கு எடுத்தது. அப்பா பக்கத்தில் நின்று, கொஞ்சம் இறக்கமாகவே தையுங்கள், வளருகிற பிள்ளை என்று சொன்னார். அம்மாகூடச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான், “அப்பா, அந்த வண்டிக்காரரு...” என்று ஆரம்பித்தேன்.

“இன்னா, மறுபடியும் வந்து நிக்கறானா?”

“இல்ல” என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான். மேலே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் பாவாடை போயிருக்கும், காலை எட்டு மணி மரியாதை போயிருக்கும், தலையில் வைத்த கை போயிருக்கும். பதினொரு வயசுக்கு அவ்வளவு கணக்குத் தெரியுமா என்று கேட்காதீர்கள். தெரியும். அடுத்த நாளிலிருந்து அவர் கண்ணில் படக் கூடாது என்று வேறு சந்து வழியாகப் பள்ளிக்கூடம் போனேன்.

சித்திரையில், லீவு நாளில், உச்சி வெயிலில், செல்லி விழுந்தது. அவர் நிறுத்துகிற இடத்தில் நிற்காமல் தண்ணீர் தேடி வந்து, தெரு முனையில், கவிழ்ந்து கிடந்த தொட்டிக்குப் பக்கத்திலேயே. நான் கடையில் இருந்தேன், சத்தம் கேட்டு ஓடினேன். வண்டியின் ஏர்க்கால் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு நின்றது. வந்திருந்த கல்யாண வீட்டார் இறங்கி நின்று திகைத்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அம்மா முகம் மாறிவிட்டது. சீலை எடுக்க வந்த இடத்தில் இப்படி ஆனால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? திரும்பிப் போய்விடலாம் என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

வண்டிக்காரர் குதிரையின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தபடியே நிமிர்ந்து அந்த அம்மாவிடம் சொன்னார்.

“ஒண்ணும் இல்லீங்க, களைப்புல படுத்துகினு இருக்குது. நீங்க நேரா போங்க. எடது கைப் பக்கம் பட்டுக் கடை. நல்ல காரியத்துக்கு வந்தீங்க, நிக்காதீங்க.”

அவர்கள் போனார்கள். எங்கள் கடைக்குத்தான் போனார்கள். அவர்கள் உட்காருகிற இடத்திலிருந்து தெரு முனை தெரியாமல் இருக்க, அப்பா வாசல் திரையை இறக்கிவிடச் சொன்னார். அப்பா கெட்டவர் இல்லை. அவருக்கு வியாபாரம் தெரிந்தது, அந்த மனிதரைத் தெரியவில்லை.

நான் ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். மாம்பழ நிறப் பாவாடை கட்டியிருந்தேன். அவர் குடத்தை வாங்கித் துண்டை நனைத்துச் செல்லியின் வாயில் பிழிந்தார். அது குடிக்கவில்லை. தண்ணீர் உதட்டோரமாக வழிந்து மண்ணில் போனது. “நீ போ பாப்பா, பாவாட நனைஞ்சிரும்” என்றார். அப்பாவிடம் சொன்னாயா என்று கேட்கவில்லை. அவர்தான் யாரிடமும் எதுவும் கேட்பதை விட்டிருந்தாரே.

சாயங்காலம் மாட்டு வண்டி கொண்டுவந்து எடுத்துப் போனார்கள். முகூர்த்தப் புடவை எங்கள் கடையில்தான் விற்றது. “பாத்தியா, பாப்பா கை” என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

அதற்கப்புறம் வண்டிக்காரரை யாரும் பார்க்கவில்லை. வைகாசி முகூர்த்தங்களுக்குத் தெரு மறுபடி காய்ந்தது. பாப்பா பெரியவளாகப் போகிறாள், ராசி மாறிவிட்டது என்று சொல்லி என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். வண்டி நின்றதைப் பற்றி ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. அடுத்த வருஷம் டவுன் பஸ் தெரு வழியாக வந்ததும் பஜார் மறுபடி பிழைத்தது, அதற்கு வேறு யாருடைய ராசியையோ சொன்னார்கள். பாத்திரக் கடைக்காரருக்கு மட்டும் வயசான காலத்தில் என் கதையின் நல்ல பாதி ஞாபகம் நின்றிருக்கிறது. தொட்டி கிடந்த இடத்தில் ரோட்டின் மேல் ரோடு போட்டு உயர்த்தி அதை மூடியே விட்டார்கள். இப்போது கால்வாய்க்குத் தோண்டும்போது அது கவிழ்ந்தபடியே வெளியே வந்தது. பழங்காலப் பொருள் என்று நிமிர்த்திக் கழுவி முனையில் வைத்துச் செடி நட்டார்கள். வண்டிக்காரர் கேட்டதை நாங்கள் செய்ய இவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது.

போட்டோ வந்த மறுநாள் தலைவரை அங்கேயே வரச் சொன்னேன். தொட்டியோரமாக நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பிள்ளை குறுக்கே பேசாமல் கேட்டது. தெரு அழகு கெடுகிறது என்று ஆட்டோக்காரர்களை முனையை விட்டுத் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள், அதையும் கேட்டேன். உங்கள் தாத்தாவும் என் அப்பாவும் செய்ததையே நீயும் செய்யாதே, அவர்கள் முனையில் நிற்கட்டும், செடியை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்று, அப்படியானால் போணி பண்ண வருகிறேன் என்றேன்.

“தாத்தா இத எங்க கிட்ட சொன்னதே இல்லீங்க. தப்புதான் ஆன்ட்டி. ஆட்டோவ நிறுத்திக்கச் சொல்லிடறேன். தொட்டி பக்கத்துல ஒரு கல்லும் வெச்சிடலாம், அவர் பேரப் போட்டு. பேர் சொல்லுங்க.”

எனக்குத் தெரியவில்லை.

அப்பா என்ன சொல்லிக் கூப்பிடுவார்? டேய் வண்டி, என்பார். அம்மா, வண்டிக்காரரே, என்பாள். நாம் மழை நாளில் அவர் முதுகை இடித்துக்கொண்டு உட்கார்ந்து போனோமே, குதிரையின் பெயரை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டோம். கடைத் தெருவில் பழைய ஆட்களை எல்லாம் ஒரு வாரமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆள் ஞாபகம் இருக்கிறது என்கிறார்கள். துண்டு ஞாபகம் இருக்கிறது, மடங்கின காது ஞாபகம் இருக்கிறது. பெயர் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டில் தொண்ணூறைத் தொட்ட சித்தப்பா, அத்தை யாராவது இருந்தால் கேளுங்கள். வண்டிக்காரரின் பிள்ளை குட்டி எங்காவது இருப்பதாகக் கேள்விப்பட்டால் எனக்குப் போன் பண்ணுங்கள், எந்த நேரமானாலும் பரவாயில்லை. கல் வெட்டுகிறவர் வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கீழ் வரியில் செல்லியின் பெயரை வெட்டி முடித்துவிட்டார். மேல் வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்.